கன்னிப் பாத்தி சிவந்த பங்குனி

பாத்தியில் தண்ணீர் சிவந்து கிடந்தது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி.

வரப்பு மேலே தனம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மீன் கூடை இல்லை. மூன்று மாசமாகவே அவள் வெறும் கையோடுதான் உப்பளத்துக்கு வந்துகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். காலை ஏழு மணிதான் இருக்கும். வெயில் அதற்குள் சுள்ளென்று முதுகில் அடித்தது.

நான் கிட்டே போனதும் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அலமேலக்கா, இது எம் பொண்ணுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"எம் பொண்ணு ரத்தம். தொறந்து வுடுக்கா. கடலுக்கே போவட்டும். இதைக் காய வெச்சி உப்பாக்கிப் பூடாதீங்க."

என் கையில் மண்வெட்டி இருந்தது. அன்றைக்கு அது கனத்த கனம், பிள்ளை சுமந்தபோதுகூட எனக்குத் தெரிந்ததில்லை.

இந்த வாரம் இந்த ஒரு காலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நேராகப் போக எனக்கு வராது. எங்கள் வாய்க்கால் மாதிரி நாலு வளைவு வளைந்துதான் போவேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்காத ஊர்

ஈசிஆர் ரோட்டில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் தாண்டும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை வெள்ளையாகக் குவியல் தெரியும். "அதோ பார் உப்பு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். பிள்ளை திரும்புவதற்குள் கூனிமேடு வந்துவிடும்.

அந்தக் குவியலுக்குப் பின்னால்தான் எங்கள் ஊர் இருக்கிறது. கடலிலிருந்து ஒரு கழி உள்ளே வரும். ஆறு மாதிரிதான் இருக்கும், ஆனால் வாயில் வைக்க முடியாது. கழிக்கு இந்தப் பக்கம் உப்பளம், அளத்தில் வேலை செய்கிற எங்கள் தெருக்கள். அந்தப் பக்கம் மணல்மேடு, சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடற்கரைக் குப்பம். நடுவிலே பழைய கால்வாய். ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில்தான் படகு படகாக எங்கள் உப்பு மெட்ராசுக்குப் போனதாம். காற்று இல்லாத நாளில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு போட்டு இழுப்பார்களாம். இப்போது அதில் ஆகாயத்தாமரையும் எருமையும்தான். உப்பு லாரியில் போகிறது.

மில் இருக்கிற ஊரில் சங்கு ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு வெயில்தான் சங்கு. அது ஏறினால் வேலை, மழை வந்தால் லீவு. புகை இல்லை, மிஷின் சத்தம் இல்லை, ஆனாலும் இது தொழிற்சாலைதான். கூரை இல்லாத தொழிற்சாலை. ஓனர் மேலே இருக்கிறவர்.

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு வானூரிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார்கள். "உங்கள் வீட்டுக்காரர் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லையே" என்று. எழுத மாட்டேன் அம்மா. எழுதினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று எனக்கும் தெரியும். என் பெண்ணும் கிண்டல் பண்ணுகிறாள். ஆனாலும் கை வரவில்லை. திருப்பதி சாமி எத்தனை மலைக்கு மேலே நிற்கிறாரோ, அதுதான் அவர் பேர். அதோடு விட்டுவிடுங்கள்.

அவருக்கு அளத்தில் தண்ணீர் வேலை. கழித் தண்ணீரை வாய்க்காலில் வாங்கி, பெரிய தெப்பத்தில் நிறுத்தி, வெயில் குடிக்கக் குடிக்க அடுத்த பாத்திக்கு, அதற்கடுத்த பாத்திக்கு என்று மடை திறந்து விடுகிறவர் அவர். கடைசிப் பாத்திக்கு வரும்போது தண்ணீர் எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். நான் பாத்தி மிதிக்கிறது, உப்பு வாருகிறது, சுமக்கிறது.

உப்புக்கு மீன்

தனம் குப்பத்துப் பெண். எனக்குப் பத்து வயசு சின்னவள். குப்பத்துக்கும் அளத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. கருவாடு போட அவர்களுக்கு உப்பு வேண்டும். குழம்புக்கு எங்களுக்கு மீன் வேண்டும். அவர்கள் கூடையில் மீனோடு வருவார்கள், அதே கூடையில் உப்போடு போவார்கள். அளவு, படி எதுவும் கிடையாது. கைக்கு வந்ததுதான்.

அளவு இல்லாததால் வாய் உண்டு. அவள் மீனைக் கொட்டினதும் நான் ஆரம்பிப்பேன்.

"இன்னாடி இது, மீனா கொசுவா?"

"உன் உப்புல பாதி மண்ணு. அதுக்கு இது போதும்க்கா."

"மண்ணுன்னா வெச்சிட்டுப் போ."

"வெச்சிட்டுப் போனா நீ இன்னா, கொசுவைத் திருப்பித் தருவியா?"

இப்படியே அரை மணி நேரம் போகும். சிரித்துக்கொண்டே திட்டுவதற்கு அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்ததில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவள் மகள் கலாவும் கூட வரும். ஒன்பது வயசு. எங்கள் வரப்பு ஒரு அடி அகலம்தான், அதில் ஓடும். ஒருநாளும் வழுக்கி விழுந்ததில்லை. என்னை "உப்புப் பெரிம்மா" என்று கூப்பிடும். ஒரு கல் உப்பை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, மறுபடி இன்னொன்று எடுக்கும்.

"பிடிக்கலன்னா ஏண்டி தின்ற?"

"பிடிக்குது பெரிம்மா. மூஞ்சிக்குத்தான் பிடிக்கல."

உப்புமேட்டில் நின்றது

கடல் எழுந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

மழை விட்டு நாங்கள் வரப்பு கட்டிக்கொண்டிருந்தோம். முதலில் கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. அப்புறம் கழியைப் பார்த்தேன். தண்ணீர் கடல் பக்கமிருந்து மேல் பக்கமாக ஓடி வந்தது, கறுப்பாக, ஆள் உயரத்துக்கு. சத்தம் ரயில் மாதிரி என்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பெரிய ஆலமரம் ஒன்று விழாமல் விழுந்துகொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர்தான் கத்தினார். "மேட்டுல ஏறுங்க! உப்புமேட்டுல ஏறுங்க!"

போன பருவத்து உப்பு பெரிய மேடாகக் கீற்று போட்டு மூடிக் கிடந்தது. நாங்கள் முப்பது பேரும் கீற்றைப் பிய்த்துக்கொண்டு அதன் மேலே ஏறினோம். கீழே பாத்தி போனது, வரப்பு போனது, மேஸ்திரியின் சைக்கிள் போனது. தண்ணீர் மேட்டின் காலைத் தொட்டது, கொஞ்சம் கரைத்தது, நின்றது. நான் ஏழு கன்னிமாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாலாவது பேர் மறந்துவிட்டது. மூன்று பேரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தண்ணீர் திரும்பிப் போய்விட்டது.

ஏறி நிற்க எங்களுக்கு உப்புமேடு இருந்தது. குப்பத்துக்கு என்ன இருந்தது?

தனம் அப்போது கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். கலா பக்கத்தில். கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். சவுக்குத் தோப்பு வரைக்கும் கை இருந்தது. அப்புறம் இல்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பிள்ளை கிடைக்கவே இல்லை.

அன்றைக்கு மத்தியானமே கூனிமேட்டிலிருந்து காதர் பாய் லாரியில் தேக்சா தேக்சாவாகச் சோறு வந்தது. காதர் பாய் எங்கள் உப்பு ஏற்றுகிற லாரி டிரைவர். எப்போது பார்த்தாலும் வாய் ஓயாத மனுஷன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கரண்டி பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

காலுக்குக் கிடைத்தவை

அளம் முழுக்கக் கறுப்புச் சேறு. தை மாசம் பூரா அதை வாரிக் கொட்டுவதிலேயே போனது. அப்புறம் பாத்தி மிதித்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உப்புப் பாத்தியின் தரை சிமெண்டு இல்லை, களிமண். பெண்கள் வரிசையாக ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, ஒரே தாளத்தில் மிதித்து மிதித்து அதைப் பலகை மாதிரி ஆக்க வேண்டும். மிதிக்கும்போது பாட்டு உண்டு. அந்த வருஷம் யாரும் பாடவில்லை.

பாடாததால் கால் கவனித்தது. குதிகாலில் ஏதோ தட்டும். குனிந்து எடுத்தால் ஒரு கரண்டி. பாதிச் சிலேட்டு. வலைக் குண்டு. ஒரு சின்ன செருப்பு. எடுத்ததை எல்லாம் கழுவி, கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் வரப்பில் வரிசையாக வைத்தோம். குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஒருத்தர், பேர் வெட்டின டம்ளர் ஒன்றை எடுத்து, அதை மார்போடு வைத்துக்கொண்டு அழுதார்.

தனம் தினமும் வந்தாள். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்ப்பாள். கலாவுடையது என்று ஒரு ரிப்பன்கூடக் கிடைக்கவில்லை.

"எம் பொண்ணு ஒண்ணையும் வுட்டுட்டுப் போவல பாருக்கா" என்பாள். "ஒழுங்கான பொண்ணு."

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை போய்விட்டால் அதோடு விட்டுவிட மாட்டோம். பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைப்போம். தண்ணீர்க் கரைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கலசத்தில் கொண்டுவந்து வீட்டில் வைப்போம். அன்றையிலிருந்து அவள் அந்த வீட்டுச் சாமி. நல்லது கெட்டது எதற்கும் முதலில் அவளுக்குத்தான் படையல். அழைக்காத பிள்ளை வாசல் தெரியாமல் நிற்கும் என்பார்கள்.

பம்பைக்காரர் தனத்திடம் சொல்லிவிட்டார். எந்தத் தண்ணீர் கொண்டுபோனதோ அந்தத் தண்ணீரிலிருந்துதான் அழைக்க வேண்டும். அதாவது கடலிலிருந்து.

இரண்டு தடவை கிளம்பினாள். சவுக்குத் தோப்பு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். கடலை அவளால் பார்க்க முடியவில்லை. குப்பத்தில் இருந்துகொண்டே அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் தனம்" என்றான்.

"அடுத்த வருஷம் வரைக்கும் புள்ள வெளியவே நிக்கிறதா?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

யாரும் கால் வைக்காத பாத்தி

எங்கள் அளத்தில் முதல் பாத்திக்குக் கன்னிப் பாத்தி என்று பேர். அதன் வரப்பில்தான் ஏழு கன்னிமார் கல் இருக்கிறது. ஏழு கல், மஞ்சள் பூசி, வேப்பிலை சொருகி. மற்ற பாத்தியில் தண்ணீர் நிறுத்தினால் தினமும் இறங்கிக் கலைத்துவிடுவோம், உப்பு பாறையாகக் கட்டிவிடாமல் இருக்க. கன்னிப் பாத்தியில் அது கிடையாது. தண்ணீர் விட்ட நாளிலிருந்து பூசை போடுகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. மடை வெட்டக் கூடாது. கன்னிமார் இறங்கிக் குளிக்கிற இடம் அது. பூசை முடிந்து முதல் உப்பு வாரி, ஒரு பங்கு கல்லுக்கு, ஒரு பங்கு குப்பத்துக்கு. அப்புறம்தான் எங்களுக்கு.

அந்த வருஷம் பலராமன் மேஸ்திரி உதட்டைப் பிதுக்கிவிட்டார். "தரை பூரா கடல் சேறு. உப்பு புடிக்காதுமா. புடிச்சாலும் கறுப்பாத்தான் இருக்கும். சித்திரை வந்தா எல்லாம் செங்கல் சூளைக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

காதர் பாயும் தலையைச் சொறிந்தார். "அக்கா, நீங்க உப்பு எடுத்தா வண்டி ரெடி. ஆனா போற ஊர்ல எல்லாம் கேக்குறாங்க, ஆளுங்களக் கொண்டுபோன கடல் தண்ணியான்னு. நான் இன்னா பதில் சொல்றது, பொய் சொன்னா அல்லா பாப்பான், நெசம் சொன்னா கடைக்காரன் பாப்பான்."

அப்படி இருக்கும்போதுதான் பூசைக்கு இரண்டு நாள் முன்னால் கன்னிப் பாத்தி சிவந்தது.

தண்ணீர் சிவப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. வெயில் குடித்துக் கெட்டியானால் சிவக்கும். மாம்பழம் மாதிரி, பழுத்துவிட்டது என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க வருகிற டவுன்காரர்கள் பயந்தால் நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன், "ஒண்ணும் இல்லம்மா, பழுத்த தண்ணி" என்று. நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

தனத்துக்கும் அதையேதான் சொன்னேன்.

"பழுத்த தண்ணிடி இது. வருஷா வருஷம் செவக்கும். நீயே பாத்திருக்கிறியே."

"வருஷா வருஷம் இவ்ளோ செவந்துச்சா?"

தனம் கல் பக்கம் கையை நீட்டினாள்.

"கன்னிமார் கல்லு மேல கை வெச்சிச் சொல்லுக்கா. இவ்ளோ செவந்துச்சா?"

கல்லைப் பார்த்தேன். கையைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. ஏனென்றால் நான் அந்தச் சிவப்பைப் பார்த்ததே இல்லை. மற்ற வருஷம் ரோஸ் கலராக இருக்கும், செங்கல் கலராக இருக்கும். இது வேறே. காற்று ஓயாமல் அடித்ததால் மேலே உப்பு ஏடும் கட்டவில்லை. அலை அலையாகச் சிவப்பு அசைந்தது. இருபது வருஷமாக அந்தத் தண்ணீரில் நின்றவள் நான், எனக்கே பயம் வந்துவிட்டது. தாய் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? அதை வாரி நான் யார் சோற்றில் போடுவேன்?

கன்னிமாரே, குத்தம் என்றால் என் தலையோடு போகட்டும் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை ஓங்கினேன். மூன்றே வெட்டு. வரப்பு வாய் திறந்தது.

சிவப்புக்குக் கீழே

தண்ணீர் வடிகாலில் இறங்கி ஓட ஆரம்பித்தது. கெட்டித் தண்ணீர் சத்தம் போடாது. வழுக்கிக்கொண்டு போகும்.

தூரத்தில் மடைக்கிட்டே நின்றிருந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தலைத்துண்டு பறக்க வரப்பில் ஓடி வந்தார். பின்னாலேயே மேஸ்திரி.

"இன்னாமே பண்ற? பைத்தியம் புடிச்சிக்கிச்சா உனக்கு? கன்னிப் பாத்திமே அது!"

"தெரியும்."

"தெரிஞ்சா வெட்டின?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மாசத் தண்ணி! முப்பது வூட்டு வயிறு! ஏம்பா, மூடுப்பா அதை, மூடு, மூடு!"

அவர் மண் எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேஸ்திரி" என்றார். "இங்க பாருங்க."

தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் குறைந்திருந்தது. மேட்டுப் பக்கத்து மூலையில் சிவப்பு விலக விலக அடியில் ஏதோ பளிச்சென்றது. முதலில் வெயில் என்று நினைத்தேன். வெயில் இல்லை. தரை.

ஒரு முழம் தெரிந்தது. அப்புறம் ஒரு ஆள் நீளம். அப்புறம் பாத்தி முழுக்க. சிவப்பு போய்க்கொண்டே இருந்தது, வெள்ளை வந்துகொண்டே இருந்தது. யாரும் கால் வைக்காத, யாரும் கலைக்காத உப்பு. புளியங்கொட்டை அளவு கல், ஒவ்வொன்றும் சதுரமாக, ஒன்றோடு ஒன்று தோள் பிடித்துக்கொண்டு. கறுப்புச் சேற்று மேலே. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. கண் கூசிற்று. கோயில் கருவறையில் கற்பூரம் காட்டும்போது ஒரு நொடி எல்லாம் வெளிச்சமாகிறது பாருங்கள், அந்த வெளிச்சம் அணையாமல் அரை ஏக்கருக்குப் படுத்துக் கிடந்தது.

உப்பு ஏன் பூக்கிறது, எப்படிப் பூக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரியாகத்தான் இருக்கும். என் கண்ணுக்கு அன்றைக்கு ஒன்றுதான் தெரிந்தது. எங்களுக்குத் தெரியாமல், நாங்கள் நம்பாமல் இருந்தபோது, கீழே ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள்.

அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். நான் வரப்பிலேயே விழுந்து கும்பிட்டேன்.

நிமிர்ந்து பார்க்கிறேன், தனம் பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

பூசை ஆகாத பாத்தி. மேஸ்திரி "ஏய்" என்று வாயெடுத்தார். அவர் மேஸ்திரியின் தோளில் கை வைத்தார்.

புது உப்பு காலைக் கிழிக்கும். அவள் மெதுவாக நடந்து நடுப்பாத்திக்குப் போனாள். மண்டி போட்டாள். இரண்டு கையையும் உப்பின் மேலே வைத்துத் தடவினாள், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. பம்பை இல்லை, உடுக்கை இல்லை, சாமியாடவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"கலா... ஏ கலா... வாடி. வூட்டுக்குப் போலாம். எவ்ளோ நேரம்தான் நிப்ப வெயில்ல?"

முந்தானையை விரித்து இரண்டு கை உப்பு அள்ளினாள். முடிச்சுப் போட்டுக்கொண்டாள். எழுந்து, வரப்பேறி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முந்தானையிலிருந்து சொட்டின தண்ணீர் வரப்பு நெடுக அவள் கூடவே போயிற்று.

மேஸ்திரி என் பக்கம் திரும்பிச் சொன்னார். "மடை வெட்டினது நீ. கால் வெச்சது அவ. கன்னிமாருக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். வெள்ளிக்கிழமை பூசை உங்க கையாலதான்."

எட்டாவது பேர்

வெள்ளிக்கிழமை தனம் வந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கையில் ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பு நிறைய அந்த உப்பு, சொம்பின் கழுத்தில் மஞ்சள் நூல். இன்னொரு கையில் மடித்த பாவாடை சட்டை. கூந்தல் இன்னும் ஈரம். பாதத்தில் கடல் மணல் ஒட்டியிருந்தது. எங்கே குளித்தாய் என்று நான் கேட்கவில்லை.

கற்பூரம் ஏற்றி, எங்கள் வழக்கப்படி பெண்கள் எல்லாரும் சேர்ந்து கன்னிமாரைப் பேர் பேராக அழைத்தோம். நாலாவது பேர் வந்தபோது நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், அன்றைக்கு விட்டதற்காக. ஏழு பேரும் முடிந்தது. எப்போதும் அதோடு நிறுத்திவிட்டுத் தேங்காய் உடைப்போம். நான் தேங்காயைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஆண்கள் பக்கமிருந்து மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு பேரு இருக்குதுமா" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

தனம் சொன்னாள். கலா என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற முழுப் பேரைச் சொன்னாள், கலையரசி என்று. நாங்களும் சொன்னோம்.

முதல் உப்பை வாரிக் குவித்தபோது காதர் பாய் ஒரு கல்லை எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். "மாஷா அல்லா. இது உப்பா கல்கண்டாக்கா?" என்று வாயில் போட்டு, முகம் போன போக்கைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். மூன்று மாசத்துக்கு அப்புறம் அளத்தில் கேட்ட சிரிப்பு. யாராவது கேட்டால் இந்தக் கல்லைக் காட்டுகிறேன், அப்புறம் பேசட்டும் என்று நாலைந்து கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சித்திரையில் நாங்கள் யாரும் சூளைக்குப் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை. நான் உப்பு வாரிக்கொண்டிருக்கிறேன். வரப்பில் யாரோ வருகிற சத்தம். தனம், இடுப்பில் கூடையோடு. வந்து மீனைக் கொட்டினாள். கரையோரம் வலை போட்டுப் பிடித்த பொடி மீன், ஒரு கை இருக்கும். குப்பத்து ஆட்களே மறுபடி மீன் பிடிக்கக் கடலில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாக்கா பாக்கற? வழக்கமாக் கேப்பியே. கேளு."

"இன்னாடி இது" என்றேன். "மீனா கொசுவா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கூடையில் நான் போட்ட உப்பைக் குனிந்து பார்த்தாள். கையால் கிளறிப் பார்த்தாள். அடிவரைக்கும் வெள்ளை, ஒரு பொட்டு மண் இல்லை.

"இந்த வருஷம் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.